48 மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்: எந்தப் பெட்டியைச் செய்வது?

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்கு, நீங்களே செய்த ஒரு ஜோடி கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மேசையில் வைத்து நடுவர்கள் முன் ஓடவிட வேண்டும். சென்னைப் பக்கம் கல்லூரி மாணவர்கள் சிலர் இப்படி ஒரு சவாலில் பெயர் கொடுத்துவிட்டு, இந்த மாதம் மட்டும் மூன்று குழுவாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். காற்றுப் புகாத மூடிய பெட்டியா, காற்றுக்குழாய் (போர்ட்) வைத்த பெட்டியா? உயர் ஒலிக்கென்று தனியாக ஒரு சின்ன ட்வீட்டர் சேர்க்கலாமா? இல்லை, இரண்டு சின்னப் பெட்டியும் ஓர் அடி ஒலிப் பெட்டியும் கொண்ட பழைய 2.1 செட் ஒன்றைப் பிரித்துத் திருத்திவிடலாமா?

இதே மாதிரிப் போட்டியில் நான் ஒருமுறை கலந்துகொண்டு தோற்றிருக்கிறேன், இரண்டு முறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

‘நல்ல ஸ்பீக்கர்’ என்றால் எதைவிட நல்லது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். யுஎஸ்பியில் செருகுகிற இரண்டு அங்குல பிளாஸ்டிக் ஜோடியைத்தான் நான் எதிராளியாக எடுத்துக்கொள்கிறேன். 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்றாவது கேட்க வேண்டும், பாட்டு இல்லாதபோது இரைச்சல் வரக் கூடாது. இந்த மூன்றும் நிறைவேறினால் போதும். கல்யாண மண்டபத்தை அதிரவைக்கும் வேலை நமக்கு இல்லை.

கால வரம்பு உள்ள போட்டியில், ஒட்டிய பிறகு திருத்த முடியுமா என்பதே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் அளவுகோல். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை முழுப் பலம் பிடிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் சனிக்கிழமை ராத்திரிக்குள் பெட்டியை மூடியே ஆக வேண்டும். ஞாயிறு காலை முதன்முறையாகக் கேட்கும்போது ஒலி சரியில்லை என்றால் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? சில வடிவங்களில் ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். சிலவற்றில் மரத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பாகங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். ஆக, போட்டி நேரத்துக்குள் கடைக்குப் போக உங்களுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் உண்டு.

மூன்றாவது மேசை. இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. ஒலியெழுப்பும் கூம்பு உள்ள பாகமான டிரைவரின் மையம் மேசையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், காது 40 செ.மீ. உயரத்திலும், இடையே 70 செ.மீ. தூரமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக வரும் ஒலிக்கு 74 செ.மீ. பாதை, மேசையில் பட்டு வருவதற்கு 89 செ.மீ. 15 செ.மீ. வித்தியாசம். இது அரை அலைநீளமாக அமையும் இடத்தில், அதாவது சுமார் 1,150 ஹெர்ட்ஸில், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மனிதக் குரலின் நட்ட நடுவில் விழும் பள்ளம் இது. அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது, ஏனென்றால் மேசையில் பட்டு வருவதும் சேர்ந்தே ஏறும். பெட்டியைத் தூக்கி வைத்தால் பள்ளம் கீழே நகரும், அவ்வளவுதான். முகப்பைப் பத்துப் பதினைந்து டிகிரி பின்னால் சாய்த்து டிரைவரைக் காதைப் பார்க்கவைத்தால், உயர் அலைகளாவது மேசையில் குறைவாகப் படும். கீழே சொல்லும் எல்லா வகைக்கும் இந்தச் சாய்வு பொருந்தும். பலகையை வெட்டும்போதே சேர்த்துவிடுங்கள்.

கருவி, பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிக்சா, துளை போடும் டிரில், சால்டரிங் கம்பி, நான்கு கிளாம்ப் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

## ஒன்று: ஒற்றை டிரைவர், மூடிய பெட்டி

ஒரு பக்கத்துக்கு அடி ஒலி முதல் உயர் ஒலிவரை தானே தரும் மூன்று அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் ஒன்று, காற்றுப் புகாத பெட்டி, சிக்னலைப் பெருக்க ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்ப். இவ்வளவுதான் சாமான்.

பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று 1954இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் மூலம் எட்கர் வில்ச்சூர் காட்டினார். சின்னப் பெட்டியிலும் ஆழமான பாஸ் (அடி ஒலி) வரும் என்று அதுவரை பலரும் நம்பவில்லை. நமக்கு அந்த அளவு ஆழம் வராது என்றாலும், அந்தக் காற்று ஸ்பிரிங் ஒரு பெரிய உதவி செய்கிறது: நம் தவறுகளை மன்னிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். டிரைவரின் இயல்பு ஒத்ததிர்வு (கூம்பு தானாக அதிரும் அலைவரிசை) 100 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்ற அளவு) 0.5, விஏஎஸ் (கூம்பின் ஸ்பிரிங்குக்கு நிகரான காற்றின் கொள்ளளவு) 2 லிட்டர் என்றால், 2 லிட்டர் பெட்டியில் ஒத்ததிர்வு 141 ஹெர்ட்ஸுக்கு ஏறும், பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.71 ஆகும். பாடப்புத்தக மதிப்பு. இப்போது ஜிக்சா கோணலாகப் போய், பெட்டி 1.6 லிட்டராகச் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். ஒத்ததிர்வு 150, க்யூ 0.75. காதுக்கு வித்தியாசமே தெரியாது! கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு தவறியும் பெட்டி பிழைத்துக்கொள்கிறது.

முகப்பு அகலத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 16 செ.மீ. அகல முகப்பு என்றால் ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகத் தொடங்கும், முன்னால் 6 டெசிபல் வரை குறையும். பேச்சு மெலிந்து தகரம் மாதிரிக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். சுவரை ஒட்டிய மேசையில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும் என்பதால் 3 டெசிபல் ஈடுகட்டினால் போதும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் என்பதால் இதைக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசமாகக் கிடைக்கிறது.

மறைசெலவு அங்கேதான் இருக்கிறது. நடுவர் தன் போனை எடுத்துச் செருகிய மறுகணம் உங்கள் ஈக்வலைசர் காணாமல் போகும். நானே ஒருமுறை, வேண்டுமென்றே, அப்படிச் செருகியிருக்கிறேன். அந்தக் குழுவின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே ஈக்வலைசர் இல்லாமலே ஒப்பேறும் டிரைவராகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, கசிவு. டிரைவரின் கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாக, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று எகிறி வந்தால் எங்கோ காற்று போகிறது. பெரும்பாலும் ஒயர் வெளியே வரும் துளைதான் குற்றவாளி. அவசரத்துக்கு வினிகர் நாற்றம் அடிக்கும் சிலிக்கானை அங்கே அப்பாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் செப்பை அரிக்கும். எபாக்ஸி மாவு பிசைந்து அடைத்தால் சீக்கிரம் இறுகும். உள்ளே தலையணைப் பஞ்சு தளர்வாக அடைத்தால் பெட்டி கொஞ்சம் பெரியதுபோல நடந்துகொள்ளும்.

முதல்முறை செய்பவர்களுக்கும், மூன்று பேருக்கு மேல் இல்லாத குழுவுக்கும், 24 மணி நேரப் போட்டிக்கும் இதுவே சரி.

## இரண்டு: ஒற்றை டிரைவர், போர்ட் வைத்த பெட்டி

நான் தோற்றது இதில்.

ஒரே டிரைவரிலிருந்து கூடுதல் பாஸ் எடுக்கலாம் என்பதால் எல்லாருக்கும் இதன்மேல் ஆசை. பெட்டிக்குள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் குழாய்க்குள்ளிருக்கும் காற்று எடையாகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஊஞ்சலாடும். அந்த இடத்தில் கூம்பு அதிகம் அசையாமலே ஒலி வரும். கொள்கை அருமையானது. ஆனால் டிரைவரின் அளவுகள் துல்லியமாகத் தெரிய வேண்டும். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் இந்த அளவுகளை ஒழுங்குபடுத்தி எழுதும்வரை போர்ட் பெட்டி என்பது பாதிக்கு மேல் குருட்டாம்போக்குதான். இந்த அளவுகளைத் தரும் டேட்டாஷீட் இல்லாத டிரைவரை வாங்கினால் நாமும் 1961க்கு முன்னால் போய் நிற்கிறோம்.

நாங்கள் வாங்கிய டிரைவரின் முதுகில் ‘4 ஓம், 10 வாட்’ என்று மட்டும் ஸ்டிக்கர் இருந்தது. அதே அளவுள்ள வேறொரு டிரைவரின் டேட்டாஷீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். ஞாயிறு காலை பாட்டுப் போட்டால், பேஸ் கிட்டார் எந்த ஸ்வரத்தை வாசித்தாலும் எங்கள் பெட்டி ஒரே ஸ்வரத்தில் ‘பூம், பூம்’ என்றது. குழாயை எபாக்ஸி வைத்து ஒட்டியிருந்தோம். கடைசியில் ஒரு பழைய காலுறையைச் சுருட்டிக் குழாயை அடைத்து, மூடிய பெட்டியாக்கி மேடையேற்றினோம். நடுவர் ஒருவர் காலுறையை வெளியே இழுத்துப் பார்த்தார்.

குழாய்க் கணக்கிலும் பொறி உண்டு. 3 லிட்டர் பெட்டியை 80 ஹெர்ட்ஸுக்கு இசைக்க, 3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் 9 செ.மீ. நீளம் வேண்டும். சரி, வைத்துவிடலாம். ஆனால் இவ்வளவு ஒடுங்கிய குழாயில் சத்தம் கூடும்போது காற்று ‘புஸ் புஸ்’ என்று சீறும். சீறாமலிருக்க 5 செ.மீ. குழாய்க்குப் போனால் நீளம் 27 செ.மீ. ஆகிறது. 3 லிட்டர் பெட்டி என்பது பக்கத்துக்குப் பதினைந்து செ.மீ. கூட இல்லாத ஒரு கனசதுரம். எங்கே வைப்பது?

அப்புறம், இசைத்த அலைவரிசைக்குக் கீழே கூம்புக்குக் கடிவாளமே இருக்காது. மூடிய பெட்டியில் ஒலி ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் இறங்கும், இதில் 24. அந்தப் பகுதியில் ஒலியும் வராது, கூம்பு மட்டும் முன்னும் பின்னும் வெறித்தனமாக ஆடும். அதைத் தடுக்கத் தனி ஃபில்டர் வேண்டும்.

போட்டிக்கு முன்பே டிரைவரை வாங்கி, சவுண்ட் கார்டும் ஒரு ரெசிஸ்டரும் வைத்து ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் இம்பீடன்ஸை (அலைவரிசைக்கேற்ப மாறும் தடையை) அளந்துவிட்டவர்கள் தாராளமாக இதைச் செய்யலாம். அவர்கள்கூட ஞாயிறு மதியம்வரை குழாயை ஒட்ட வேண்டாம். டேப் சுற்றித் துளையில் இறுக்கிச் செருகுங்கள், கேட்டுக் கேட்டு நீளத்தை வெட்டுங்கள். முன்கூட்டி வாங்க விதி இடம் தரவில்லை என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

## மூன்று: வூஃபர், ட்வீட்டர், நடுவே கிராஸ்ஓவர்

அடி ஒலிக்கு வூஃபர், உயர் ஒலிக்கு ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க கிராஸ்ஓவர் என்ற சுற்று. பார்க்க ‘நிஜ ஸ்பீக்கர்’ மாதிரி இருக்கும். நடுவர்கள் கிட்ட வருவதற்கு முன்பே பாதி மதிப்பெண் விழும் என்று நினைப்பவர்கள் உண்டு. நினைப்பில் ஓரளவு உண்மையும் உண்டு.

ஆனால் கிராஸ்ஓவர் சூத்திரம் ஸ்பீக்கரை வெறும் 8 ஓம் ரெசிஸ்டராகப் பார்க்கிறது. 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க 6.6 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 0.42 மில்லிஹென்ரி காயில் (கம்பிச் சுருள்) என்று விடை வரும். வூஃபரின் சுருளுக்கு இன்டக்டன்ஸ் (அலைவரிசை ஏற ஏறத் தடையைக் கூட்டும் குணம்) இருப்பதால் அந்த 8 ஓம் 3,000 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 8 ஆகவே இருக்காது. காகிதத்தில் 3,000இல் பிரிந்தது காதில் வேறெங்கோ பிரியும். நடுவில் மேடோ பள்ளமோ, எது வரும் என்று அளக்காமல் சொல்ல முடியாது. அளந்த பிறகு புது மதிப்பில் காயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது எங்கே கிடைக்கும்? நீங்களே சுற்ற வேண்டியதுதான்.

நடுவராக இருந்தபோது பார்த்த ஒரு ஜோடியில், இடது பெட்டியில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. பாடகி நடுவில் நிற்காமல் அறை முழுக்க உலாவினார். குழுவில் நால்வரும் 40 மணி நேரம் தூங்கவில்லை, யார் கண்ணிலும் அது படவில்லை.

ஏற்கெனவே அளந்து சரிபார்த்த கிராஸ்ஓவர் வரைபடம் கையில் இருந்து, அதே டிரைவர்களும் கிடைத்தால் மட்டும் இதைத் தொடுங்கள். அப்படியானால் அது அசெம்பிளி வேலை, 48 மணி நேரம் தாராளம்.

## நான்கு: டிஎஸ்பி வைத்து இருவழி

கிராஸ்ஓவர் வேலையை, ஒலியை எண்களாக்கிக் கணக்கிடும் ஒரு டிஎஸ்பி பலகையிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப் சேனல் கொடுப்பது. ஏடிஏயு1701 சில்லு உள்ள சின்னப் பலகை, டிபிஏ3118 ஆம்ப் இரண்டு, பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர். அந்த ஆம்ப் 26 வோல்ட் வரை தாங்கும்.

என் முதல் அளவுகோலில் இதற்கு ஈடில்லை. பிரிக்கும் இடம், ட்வீட்டரின் அளவு, முகப்பு அகலக் குறை, பெட்டியின் ஒத்ததிர்வு எல்லாவற்றையும் ஞாயிறு மதியம் 3 மணிக்குக்கூட மாற்றலாம். மரத்தைத் தொட வேண்டியதில்லை. நடுவர் எந்தப் போனைச் செருகினாலும் ஈக்வலைசர் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

மயங்கிவிடாதீர்கள், செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பலகையில் நிரலை ஏற்ற, புரோகிராமர் என்ற தனிக் கருவி வேண்டும். கணினியில் இணைத்திருக்கும்வரை அழகாக ஓடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் ஊமை, நினைவகத்திலிருந்து தானாகத் தொடங்கும் வசதியை அமைக்கவில்லை என்பதால். முதல்முறை செய்பவருக்கு இதுவே அரை நாள் தின்னும். ட்வீட்டர் நேராக ஆம்பில் இணைந்திருப்பதால், ஆன் செய்யும்போது வரும் ‘டப்’ ஒன்றே அதைச் சாகடிக்கப் போதும். தொடரில் ஒரு நான்-போலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாத) கெபாசிட்டர் போட்டுவையுங்கள்.

பாஸை ஈக்வலைசரில் ஏற்றும் சபலமும் வரும். 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு பவர், இரண்டு மடங்கு கூம்பு அசைவு. மூன்று அங்குலக் கூம்பு எங்கே போகும் அவ்வளவு தூரம்?

குழுவில் ஒருவராவது அந்தப் பலகையை முன்பு ஓடவைத்திருந்தால், என் ஓட்டு இதற்குத்தான்.

## ஐந்து: பழைய 2.1 செட்டைத் திருத்துவது

விதி இடம் கொடுத்தால், 12 மணி நேரப் போட்டிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வழி கிடையாது. கசிவை அடைத்து, பஞ்சு வைத்து, உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றி, சின்னப் பெட்டிகளைச் சாய்த்து நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும். திருத்துவதற்கு முன், பின் என இரண்டு அளவீட்டுக் கோடுகளை நடுவரிடம் காட்டுங்கள். வேறெந்தக் குழுவிடமும் அப்படி ஓர் ஒப்பீடு இருக்காது. ஒரு எச்சரிக்கை: வூஃபர் பெட்டிக்குள் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் கை வைக்கிற இடமில்லை அது.

## ஒரே பார்வையில்

| வகை | ஞாயிறு காலை தவறு தெரிந்தால் | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|
| மூடிய பெட்டி | டிரைவரைக் கழற்றிப் பஞ்சு, கசிவைச் சரிசெய்யலாம் | ஈக்வலைசர் கணினியிலேயே தங்கிவிடும் | புதியவர்கள், 24 மணி நேரம் |
| போர்ட் | குழாய் ஒட்டாமல் இருந்தால் மட்டும் தப்பலாம் | அளவு தெரியாத டிரைவர் | முன்பே அளந்தவர்கள் |
| கிராஸ்ஓவர் | காயில் கிடைக்காது | அளவிட்டுத் திருத்தும் நேரம் | வரைபடம் கையில் உள்ளவர்கள் |
| டிஎஸ்பி | கடைசி மணிவரை மாற்றலாம் | புரோகிராமர், அரை நாள் | பலகை பழகியவர் உள்ள குழு |
| பழைய 2.1 | தொடங்கிய நிலைக்கே திரும்பலாம் | விதி, மின்சார ஆபத்து | 12 மணி நேரம் |

## எல்லா வகைக்கும் வரும் வம்பு

யுஎஸ்பியிலிருந்தே ஆம்புக்கு மின்சாரம் எடுக்கப் பலரும் பார்ப்பார்கள். யுஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட். பிஏஎம்8403 என்ற சின்ன ஆம்ப் பலகை சேனலுக்கு 3 வாட் என்று சொல்வது இங்கே நடக்காது. அதைவிட, ஒரே லேப்டாப்பிலிருந்து மின்சாரமும் ஆடியோவும் எடுத்தால் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கீச்’ என்று ஓர் ஒலி கூடவே ஓடும். தனி அடாப்டர் வையுங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகியும், செருகாமலும் இரண்டு விதத்திலும் கேட்டுப் பாருங்கள். சார்ஜர் செருகியதும் உறுமல் தொடங்கினால் கிரவுண்ட் லூப் (கிரவுண்டு ஒயர்கள் வளையமாக இணைவதால் வரும் இரைச்சல்), அதற்கான ஐசொலேட்டரைச் சனிக்கிழமையே வாங்கிவிடலாம்.

இந்தச் சின்ன ஆம்ப் பலகைகளில் ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்டு கிடையாது, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஒயர் மிச்சம் பிடிக்கிறேன் என்று இடது வலது மைனஸ் இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் பலகை போய்விடும்.

கேட்டவர்களில் மூன்றாவது குழுவுக்கு மட்டும் நேர் பதில்: நீங்கள் மூன்று பேர், டிஎஸ்பி பலகையை யாரும் தொட்டதில்லை, ஜிக்சா பக்கத்து வீட்டுத் தச்சருடையது. மூடிய பெட்டி செய்யுங்கள். உள்ளளவு 10 × 12 × 17 செ.மீ., 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை). பின்பலகையை ஒட்டாமல் திருகாணி போட்டு, நடுவே ஃபோம் டேப் வையுங்கள். விதி விட்டால் வெள்ளிக்கிழமை மதியமே ரிச்சி தெருவுக்குப் போய், இரண்டு டிரைவர் போதும் என்றாலும் கடையில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து மூன்றாக வாங்குங்கள். திருகாணி போடும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கூம்பைக் கிழிப்பது ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குத்தான் நடக்கும்.